ஹெலனுக்கு ஒரு வெள்ளிக் கால்

கொட்டாரம்,
பங்குனி 5, வியாழக்கிழமை.

அன்பு மகள் அஸ்வதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். மெல்பர்னில் நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் என்னத்துக்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் எதை அனுப்பினாலும் உன் அம்மா எடுத்துப் படித்துவிடுகிறாள். பேசலாம் என்றால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அடுத்த வீட்டுக்காரர்களும் சேர்ந்து கேட்கிறார்கள். இது அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம். உன்னோடு அங்கே ஒரே வீட்டில் தங்கியிருக்கும் தேங்காய்ப்பட்டணத்து நர்ஸ் பிள்ளை ஜாஸ்பின், லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறாள். சனிக்கிழமை சாயங்காலம் வந்து உனக்குள்ள சாமான்களை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்துக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும்.

ஊர் விசேஷம் சொல்லிவிடுகிறேன். கும்பப்பூ அறுப்பு முடிந்தது, விளைச்சல் மோசமில்லை. ஆரல்வாய்மொழியில் எங்கள் காற்றாலைக் காத்தாடிகள் பாதியும் சும்மா நிற்கின்றன. காற்றுக் காலம் வர இன்னும் ரெண்டு மாதம் இருக்கிறது. அதனால் எனக்கு வேலை குறைவு, யோசனை அதிகம். என்னோடு வேலை பார்க்கிற எட்சன் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை நீ கூப்பிட்டாய். ஹெலன் படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு உடைந்துவிட்டது, ரெண்டு நாளாக அவள் வேஷத்தை நான்தான் போடுகிறேன் என்று சொன்னாய். உன் அம்மா குதிக்காத குறைதான். நான் மட்டும் அப்படியா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மோட்டார் போடணும் என்று எழுந்து போய்விட்டேன். அப்பாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லையா என்று நீ கேட்டாயாம். கேட்கும்போது உன் குரல் ஒருமாதிரி ஆகிவிட்டதாம். அன்றிலிருந்து உன் அம்மா காபி டம்ளரை என் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். சீனி போட்டிருக்கிறதா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

கோபம் இல்லை மக்களே. அது பயம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அக்கவுண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு நாடகப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன் என்று நீ சொன்னபோது நான் போட்ட சத்தம் எனக்கு மறக்கவில்லை. ஐந்து மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அது தப்பு. அதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதிவிட்டேன்.

அதற்கப்புறம் உன் நாடகத்தைப் பற்றி நீ சொன்னது ஒவ்வொன்றையும் நான் காதில் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆட்டுக்கு உரோமம் கத்தரிக்கிற கொட்டகையில் நடக்கிற கதை என்றாய். அந்தக் காலத்தில் அங்கே மேடை ஏறுகிறவர்கள் இங்கிலாந்துக்காரர்கள் மாதிரியே வாயை வைத்துக்கொண்டு பேசுவார்களாம், இந்த நாடகத்தில் வேலைக்காரர்கள் தங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினார்களாம், அதனால் இதை எழுபது வருஷமாகத் திரும்பத் திரும்பப் போடுகிறார்களாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போச்சு. நம்ம பேச்சைக் கேட்டால் மதுரையைத் தாண்டினவன் எல்லாம் பாட்டுப் பாடுகிறாயா என்று கேட்கிறான். அந்தப் பேச்சையே ஒருத்தன் மேடையில் பேசி, ஐந்நூறு பேர் டிக்கெட் எடுத்து வந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஹெலனைப் பற்றியும் சொன்னாய். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாடகத்தில் கொட்டகைக்கு வந்து சேருகிற சின்னப் பெண்ணாக நடித்தவள், இப்போது அதே கொட்டகையின் சமையல்காரி. அன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்களாம். உன்னுடைய வேலை அவளுக்கு அண்டர்ஸ்டடி, அவளுக்கு முடியாத அன்றைக்கு மேடை ஏறுகிற மாற்று ஆள். வசனம் முழுக்கப் பாடமாக இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்க அரை மணிக்கூறுக்கு முன்னால் போய் மேடைக்குப் பின்னால் உட்கார வேண்டும். அவள் சுகமாக இருக்கிற வரைக்கும் நீ உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். சிட்னியில் ரெண்டு மாதம், மெல்பர்னில் ரெண்டு மாதம் அப்படிப் போச்சு. சும்மா உட்கார்ந்திருக்கவா கடல் தாண்டிப் போனாய் என்று நான் ஒரு நாள் கேட்டேன். அந்தக் கேள்வி எனக்குள்ளே கிடந்து அறுத்துக்கொண்டே இருந்தது.

மாசிக் கொடைத் திருவிழா தொடங்கின ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா இருமுடி கட்டி மண்டைக்காட்டுக்குப் போனாள். நான் பை தூக்கிக்கொண்டு கூடப் போனேன். உனக்குத்தான் தெரியுமே, நான் கோயிலில் செருப்புக்குக் காவல் நிற்கிற ஆள். அன்றைக்கு என்னமோ உள்ளே போனேன். பகவதி முன்னால் நின்றபோது வாய் தானாகக் கேட்டுவிட்டது. என் மகள் ஒரு நாளாவது அந்த மேடையில் ஏறி நிற்கணும், நின்றால் வெடி வழிபாடு நடத்துகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். உன் அம்மா பெண்கள் வரிசையில் முன்னால் போயிருந்தாள், அவளுக்குத் தெரியாது. பதினோராம் நாள் ஹெலன் விழுந்தாள்.

யோசித்துப் பார். முப்பது வருஷமாக மின்சாரத்தோடு கிடக்கிறவன் நான். ஸ்டாண்ட்பை மிஷின் ஓட வேண்டுமென்றால் மெயின் மிஷின் நிற்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? அம்மன் முன்னால் போய் நின்று, மெயினை நிறுத்து என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒரு அறுபத்து நாலு வயதுப் பொம்பளை, நான் முகம் பார்த்தே இராத ஒருத்தி, என் ஆசையால் கட்டுப் போட்டுக் கிடக்கிறாள். அன்றைக்குப் போனில் நீ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதே எழுந்து வந்துவிட்டேன். மோட்டார் ரூமில் போய் நின்றேன், மோட்டாரைப் போடவில்லை.

எட்சனிடம் மட்டும் சொன்னேன். சிரித்துவிட்டான். சாமிக்கு ஆஸ்திரேலியா வரைக்கும் போய் ஒரு பொம்பளையைத் தள்ளிவிடுகிற வேலையா என்று கேட்டான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் நேரவில்லை, நான்தானே நேர்ந்தேன். இந்த மனசு வெப்ராளத்தை வைத்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை.

அதனால் சனிக்கிழமை காலையில் மண்டைக்காட்டுக்குப் போகிறேன். கை வலித்தால் கை, கால் வலித்தால் கால் என்று உருவம் வாங்கிப் போடுகிற வழக்கம் அங்கே உண்டு அல்லவா. ஹெலனுக்கு ஒரு வெள்ளிக் கால் வாங்கிப் போடப் போகிறேன். உன் அம்மாவிடம் டியூட்டி இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன். போய் வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

பங்குனி 7, சனிக்கிழமை மத்தியானம்.

போய் வந்துவிட்டேன். பைய, நிதானமாகக் கேள்.

கோயில் வாசல் கடையில் கால் உருவம் ஒன்று வேண்டும் என்றேன். கடைக்காரர் இடதா வலதா என்று கேட்டார். நான் முழித்தேன். நீ கால் என்று சொன்னாயே தவிர எந்தக் கால் என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நான் மோட்டார் ரூமில் அல்லவா இருந்தேன். வீட்டு ஆளுக்கு எந்தக் கால் என்றுகூடத் தெரியாதா என்று அவர் கேட்டார். வீட்டு ஆள் இல்லை, ஆஸ்திரேலியாவில் இருக்கிற ஒரு வெள்ளைக்காரி என்றேன்.

அந்த மனுஷன் கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டார். நேற்றைக்கு ஒரு அம்மா வந்து ஆஸ்திரேலியா வெள்ளைக்காரிக்கு என்று சொல்லி ஒரு கால் வாங்கிக்கொண்டு போனார்களே, அது வேற வெள்ளைக்காரியா என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு வலது கால் என்று சரியாகத் தெரிந்திருந்ததாம். பச்சைச் சேலையாம். கையில் உன் காலேஜ் பெயர் போட்ட பழைய துணிப்பையாம்.

நேற்றைக்கு உன் அம்மா எனக்குச் சொன்னது பல் வலி. நாகர்கோவிலுக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பச்சைச் சேலை கட்டிக்கொண்டுதான் போனாள்.

சிரிக்கிறதா அழுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் ஒரு வலது காலையே வாங்கினேன். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்கள், ஹெலன் என்றேன். வரிசையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நட்சத்திரம் கேட்டார்கள். அவள் பிறந்த தேதியே தெரியாத எனக்கு நட்சத்திரம் எங்கே தெரியும். உன் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டேன். உன்னுடையதை அவளுக்குக் கொடுத்தால் உனக்குக் குறைந்துபோகாது என்று எனக்குத் தோன்றியது. வெடி வழிபாட்டுக்கு மட்டும் சீட்டு எடுக்கவில்லை. ஒருத்தி கட்டுப் போட்டுக் கிடக்கும்போது நான் வெடி வைத்தால் நல்லாவா இருக்கும்? அவள் எழுந்து நடக்கிற அன்றைக்கு வைக்கிறேன் என்று பகவதியிடம் தவணை வாங்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பல் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். குறைந்திருக்கிறது என்றாள். வலது பக்கமா இடது பக்கமா என்று கேட்டேன். அவள் என் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தாள். அப்புறம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினவள்தான், அடுக்களையில் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற வரைக்கும் நிறுத்தவில்லை.

நடந்தது என்னவென்றால், கொடைக்குப் போன அன்றைக்குப் பெண்கள் வரிசையில் நின்று அவளும் அதையேதான் நேர்ந்திருக்கிறாள். நீ சொன்ன அன்றைக்குக் குதித்தவள், மறுநாள்தான் யோசித்திருக்கிறாள். பிறகு உன்னைத் தனியாகக் கூப்பிட்டு எந்தக் கால் என்று விசாரித்திருக்கிறாள். என்ன இருந்தாலும் அவள் கெட்டிக்காரி. அர்ச்சனைக்கு என்ன நட்சத்திரம் சொன்னாய் என்று கேட்டேன். தன்னுடையதைச் சொன்னாளாம். வலி வருவதாக இருந்தால் அது என் காலுக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டு, மிச்சப் பாலில் எனக்குக் காபி போட்டுத் தந்தாள். சீனி இருந்தது.

ஆக, ஹெலனுக்கு இப்போது மண்டைக்காட்டில் ரெண்டு வலது கால் இருக்கிறது.

இனி ஒளித்து வைக்க ஒன்றும் இல்லாததால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு நான் கேட்காமல் போனதை எல்லாம் இப்போது அவள் வாயால் கேட்டேன். இன்று ஹெலனுக்குப் பதில் அஸ்வதி என்று மேனேஜர் திரைக்கு முன்னால் வந்து சொன்னதும் கூட்டம் மொத்தமும் ஏமாந்துபோய் ஹா என்று பெருமூச்சு விட்டதாம். அதைக் கேட்டுக்கொண்டே நீ உள்ளே நின்றாயாம். கடைசிக் காட்சியில் சமையல்காரி மேஜையில் தட்டுகளை வைத்துக்கொண்டே வந்து, திரும்பி வராதவனுக்கும் ஒரு தட்டு வைப்பாள் என்றும், நீ அந்தத் தட்டை வைத்தபோது ஒருத்தர்கூட இருமவில்லை என்றும், முடிந்ததும் அந்தக் கூட்டமே எழுந்து நின்றது என்றும் சொன்னாயாம். அந்தத் தட்டு வைக்கிறதை நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியும். ஐந்து மாதம் நான் உன்னோடு பேசாமல் இருந்தபோதும் உன் அம்மா வீடியோவில் உனக்குக் காட்டிக்கொண்டேதான் உன் தட்டை மேஜையில் எடுத்து வைப்பாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன், எனக்கு எல்லாம் தெரியும். எனக்குப் பெருமையாக இருக்கிறது மக்களே. இதைச் சொல்ல ஒரு வாரம் ஆகிவிட்டது.

பொட்டலத்தில் ரெண்டு குங்குமம் இருக்கிறது. ஒன்று உனக்கு, ஒன்று ஹெலனுக்கு. சிப்ஸில் பாதியும் அவளுக்குத்தான். ஏர்போர்ட்டில் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டவேண்டும் என்று ஜாஸ்பினிடம் சொல்லிவிடுகிறேன். ஹெலனைப் போய்ப் பார், வீட்டில் துணைக்கு ஆள் இல்லாவிட்டால் கஞ்சி வைத்துக் கொடு. குங்குமம் எதற்கு என்று கேட்டால் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். சொன்னால் என் பெயரை மட்டும் சொல், அம்மா பெயரை விட்டுவிடு.

இப்போது உன் அம்மா ஒரு யோசனை சொல்கிறாள். ஆறு வாரம் கட்டு என்றாயே, அதற்குள் விசா எடுத்துப் போனால் பிள்ளையை மேடையில் பார்த்துவிடலாமே என்கிறாள். எனக்கும் ஆசை முட்டுகிறது. ஆனால் விசா பிந்தினால் அந்தக் காலும் கொஞ்சம் பிந்தி ஆறட்டும் என்று இந்தப் பாழாய்ப்போன மனசு நினைக்கும். எனக்கு என்னைத் தெரியும். அந்த வம்பே வேண்டாம். ஹெலன் நாளைக்கே எழுந்து நடக்கட்டும். அவள் வேஷத்தை அவளிடம் சிரித்த முகத்தோடு கொடுத்துவிடு. பகவதி உங்கள் ரெண்டு பேரையும் ஒன்றுபோல் காக்கட்டும்.

நாடகம் ஆடி மாதம் வரைக்கும் ஊர் ஊராகப் போகும் என்றாயே. அவள் திரும்பி வந்தபிறகு நாங்கள் வருகிறோம். உன் அம்மாவுக்கு முன்வரிசையில் ஒரு டிக்கெட் எடு, ஹெலன் நடிக்கிறதை அவள் பார்க்கட்டும். எனக்கு டிக்கெட் வேண்டாம். மேடைக்குப் பின்னால் வசனத்தை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பாயே, அங்கே உன் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிக் கேட்டுப் பார். சும்மா உட்கார்ந்திருக்கத்தான் கடல் தாண்டி வருகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா
தாணுமாலயன்