தொப்பி இல்லாமல் சல்யூட் இல்லை

செம்பூர், மும்பை,
ஞாயிறு

அன்புள்ள ஜெபசெல்விக்கு,

கர்த்தர் கிருபையில் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைக் கேட்காதே. உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் உன் அண்ணன் ஸ்பீக்கரில் கேட்பான், அதனால்தான் எழுதுகிறேன். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்த ஹவில்தாருக்கு சூப்பர்வைசர் வேலை என்று சொல்லித்தானே அனுப்பினான்? இங்கே ஒரு பில்டிங் கேட்டைத் திறந்து மூடுகிறேன்.

திங்களன்று பில்டிங் செகரட்டரி வெங்கடராமன் காரை நிறுத்தினார். "ஏன் சல்யூட் அடிக்கலை? மிலிட்டரில இதுகூடச் சொல்லித் தரலையா?"

"தலையில தொப்பி இல்லாம சல்யூட் அடிக்கக் கூடாது சார். மொதல்ல சொல்லித் தந்ததே அதுதான்."

ஆளை மடக்கிவிட்டேன் என்று அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அவரே ஒரு நீலத் தொப்பி வாங்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டு, காரில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தார். அடித்தேன்.

இட்லிப் பொடி கொஞ்சம் அனுப்பு. தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. உன் அண்ணன் கேட்டால், சூப்பர்வைசர் சுகம் என்று சொல்.

ஹாரன் அடிக்கிறார்கள், ஓட வேண்டும். பீரோவில் இருக்கும் என் பட்டாளத்துத் தொப்பியை அனுப்பட்டுமா என்று கேட்டாயே, அனுப்பாதே. அது இந்தக் கேட்டைப் பார்க்க வேண்டாம்.

தனசிங்