மினாரில் குடியேறிய காகித நாரை

பிப்ரவரி 26, செவ்வாய்

தலைமுடியில் மாவுப் பசை காய்ந்து கெட்டியாகிவிட்டது. சீப்பு இறங்கவில்லை. ஆனாலும் சந்தோஷம்!

எதிர்ப் பள்ளிவாசல் மினார் உச்சியில் செங்கால் நாரை ஜோடி வந்து இறங்கிவிட்டது. பழைய கூட்டைச் செப்பனிடுகின்றன. நாள் முழுக்க டகடகவென்று அலகடிப்பு. பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகர்ந்தால்தானே? "சரி, நாமளும் நாரை செய்யலாம்" என்றேன். காகிதத் தட்டை மடித்தால் உடம்பு. கிழிந்த விரிப்பு இறக்கை. பீட்ரூட் சாற்றில் தோய்த்த துணிக் கீற்று கால்.

எங்கள் பாலர் பள்ளித் தலைமை ஆசிரியை ஸுபைதா எட்டிப் பார்த்தார்; மரியாதைக்கு எல்லோருக்கும் அவர் 'லல்லா' ஸுபைதா. "சனிக்கிழமை பெத்தவங்க வராங்க, நாதிரா. சுவர் நிறைஞ்சிருக்கணும். உன்னை வேலையில வெச்சுக்கிறதா வேண்டாமான்னு அதுக்கப்புறம்தான் சொல்வேன்."

சரியில்லை என்றுவிட்டால்? மறுபடி தான்ஜியர் நகரத்து வயர் ஆலை, அண்ணி வீட்டுக் கூடத்தில் படுக்கை. வேண்டாம், அதை இன்று நினைக்கமாட்டேன்.

பிப்ரவரி 27, புதன்

ஹஜரின் நாரைக்கு மாறுகண், பெருந்தொப்பை. போதாததற்கு மஞ்சள் செருப்பு வேறு.

"நாரைக்கு எதுக்குடி செருப்பு?"

"ரொம்ப தூரத்துலேர்ந்து வருதுல்ல, டீச்சர்?"

"பறந்துதானே வருது?"

"இறங்கினப்புறம்?"

ஐந்து வயது! எல்லாவற்றையும் மொட்டை மாடிக் கொடியில் காயப் போட்டேன்.

பிப்ரவரி 28, வியாழன்

பாதி நாரைகளைக் காணோம்.

கொடியில் வெறும் கிளிப்புகள். காற்றா? பூனையா? வகுப்பே ஒப்பாரி வைத்தது. ஹஜர் மட்டும் அழவில்லை. "போலீஸுக்கு போன் பண்ணுங்க" என்றாள்.

லல்லா ஸுபைதா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ராத்திரி கொடியில விட்டுட்டுப் போவாளா ஒருத்தி?"

குளியலறையில் போய் அழுதேன். நான் என்ன பண்ணுவேன், எங்கே போய்த் தேடுவேன்?

மார்ச் 1, வெள்ளி

முறையாகச் சொல்கிறேன்.

காலையில் புதிதாகச் செய்யலாம் என்றால் ஒருத்தரும் தட்டைத் தொடவில்லை. பகல் இடைவேளையில் மாடிப்படியிலிருந்து ஒரு அலறல். ஹஜர்! விழுந்துவிட்டாளோ என்று வெறுங்காலோடு ஓடினேன். அவள் மாடியில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள்.

"என் செருப்பு! டீச்சர், என் செருப்பு!"

மினாரைப் பார்த்தேன். கூட்டின் விளிம்பில், சுள்ளிகளுக்கு நடுவே, மஞ்சளாக இரண்டு புள்ளி. பக்கத்தில் சிவப்புக் கீற்றுகள் காற்றில் ஆடின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆண் நாரை எங்கள் கொடிக்கே இறங்கி, ஆற அமர மிச்சமிருந்ததில் ஒரு தட்டைக் கவ்வி, இழுத்து, கிளம்பிப் போயிற்று!

பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெருவே மேலே பார்த்தது. லல்லா ஸுபைதா திட்டுவதற்காகத்தான் ஏறி வந்தார். கண்மேல் கைவைத்துப் பார்த்தார்.

"சாயத்துல விஷம் ஒண்ணும் இல்லையே? குஞ்சு பொரிக்கும்."

"பீட்ரூட்டும் மாவும்தான், லல்லா."

"அப்ப சரி."

மார்ச் 2, சனி

சுவர் பாதி வெறுமை. லல்லா ஸுபைதா பெற்றோரைக் கும்பல் கும்பலாக மாடிக்கு ஏற்றினார். ஹஜரின் அப்பா ரொட்டி அடுப்புக்காரர். உடம்பெல்லாம் மாவோடு வந்திருந்தார். "உன்னோடது எதும்மா?"

"அதோ மேல. ஆள் குடியிருக்காங்க."

இப்போது அழுதவர்கள், யாருடைய நாரை சுவரில் பத்திரமாக இருந்ததோ அவர்கள். "என்னோடதை ஏன் எடுத்துக்கல? பிடிக்கலையா?" சமாதானம் சொல்லித் தொண்டை போயிற்று.

என் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார் லல்லா.

மார்ச் 4, திங்கள்

சுவரில் மிச்சமிருந்ததை எல்லாம் கொடியில் தொங்கவிட்டோம். பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னலில் நின்றார்கள். மதியத்துக்குள் இரண்டு போயாயிற்று!

சாயங்காலம் லல்லா ஸுபைதா கைப்பையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வர்ற வருஷம் ஜனவரியிலேயே ஆரம்பிச்சிரு. கூடு கட்டுறதுக்கு முன்னாடியே கொடுத்தா அதுங்களுக்கு அலைச்சல் மிச்சம்."

"சரி லல்லா" என்று படியிறங்கினேன். பாதிப் படியில் நின்றேன்.

வர்ற வருஷம்.