அழுத முகத்துக்கு அத்தாட்சி

அக்கா,

நேற்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் முகம் மறுபடியும் என் போனுக்கு வந்தது. நீண்ட விடுமுறை முடிகிற நாளில் எப்படியும் வந்துவிடும், எனக்கு அது பழகிப்போனதுதான். ஆனால் நேற்று வந்தது பழைய படம் இல்லை. நீங்கள் அசைந்தீர்கள். தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருந்தவர் திடீரென்று கையைத் தூக்கி, இடுப்பை ஆட்டி, ஏதோ ஒரு குத்துப் பாட்டுக்கு ஆடினீர்கள். கடைசியில் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தீர்கள். பல்லெல்லாம் வரிசையாகப் பளபளவென்று இருந்தது. உங்களுக்கு முன்பல் ஒன்று கிடையாது. சிரிக்கும்போது அந்தச் சந்தில் நாக்கு எட்டிப் பார்க்கும். செத்துப்போன மனுஷியை ஆட வைத்த மெஷின், போகிற போக்கில் ஒரு பல்லையும் கட்டி அனுப்பிவிட்டது.

அனுப்பியவள் ஈப்போவில் இருக்கும் என் நாத்தனார் மகள். நல்ல பெண். உங்களை அவள் பார்த்ததே இல்லை. படத்துக்குக் கீழே குரூப்பில் குடும்பமே விழுந்து விழுந்து சிரித்திருந்தது. "இவங்க என் பக்கத்து வீட்டு அக்கா. போன வருஷம் இறந்துட்டாங்க" என்று எழுதினேன். பிறகு அவள் எழுதினாள்: "ஓ, நிஜ ஆளா அத்தை? நான் ஏஐ-னு நெனச்சேன் லா. சாரி." இன்னொருவன் கும்பிடும் கை ஒன்றைப் போட்டான். அதற்கடுத்து யாரோ தாங்கள் சாப்பிட்ட மீ கோரிங்கைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அவ்வளவுதான் உங்களுக்குக் கிடைத்த மரியாதை.

நிஜ ஆளா என்று கேட்டாளே, அது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். என்னவென்று எழுதுவது? புக்கிட் ரோத்தான் பிஸ்கட் பேக்டரிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தவர் என்றா? தோட்டத்து லயத்து வீடுகளை இடித்து நம்மை இந்தத் தாமான் குடியிருப்புக்கு அனுப்பியபோது, பக்கத்துப் பக்கத்து வீடாகத் தரச்சொல்லித் தோட்ட ஆபீசில் சண்டை போட்டவர் என்றா? எழுதி எழுதி அழித்துவிட்டேன். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் ஒன்றும் கூலிக்கு மாரடிக்கிறவர் இல்லை. வேலை முடிந்து வந்த அதே சட்டையோடு போய், இறந்தவரின் மனைவி பக்கத்தில் உட்காருவீர்கள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குரல் எடுத்தீர்களென்றால், வாசலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கும் ஆம்பிளைகள்கூட நாற்காலியைக் கீழே வைத்துவிடுவார்கள். ஒருமுறை ஜெராமில், மகனைப் பறிகொடுத்த ஒரு பெண் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள். நீங்கள் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அழுதுடு புள்ள. உள்ளாற வெச்சுக்கிட்டா அது ஒன்னையத் தின்னுபுடும்" என்றீர்கள். அவள் உங்கள் மடியில் விழுந்து கத்து கத்தென்று கத்தினாள். திரும்பி வரும் வழியில் கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இரண்டு கறிப்பாப் வாங்கித் தின்றீர்கள். "நல்லா அழுதா நல்லா பசிக்கணும் லா" என்று எனக்கும் ஒன்று நீட்டினீர்கள். ஊர் சாவுக்கெல்லாம் அழுதவருக்கு உங்கள் வீட்டுச் சாவு வந்தபோதுதான் இந்தக் கொடுமை நடந்தது.

உங்கள் வீட்டுக்காரர் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். ஒரு மதியம் லோரியிலேயே உட்கார்ந்தபடி போய்விட்டார். மூத்தவன் ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கிற வேலையில் இருந்தான், வர முடியவில்லை. அப்பா முகத்தைக் கடைசியாக அவன் பார்க்கட்டும் என்று உங்கள் தம்பி மகன் போனை ஸ்டாண்டில் வைத்து லைவ் போட்டான். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் தேடித் தேடிச் சேர்க்க நேரமில்லை என்று, உலகத்தில் எல்லாரும் பார்க்கிற மாதிரி திறந்துவிட்டான். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நீங்கள் பெட்டியின் மேல் விழுந்து, தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து அழுத அந்த ஒரு நொடியை எவனோ எங்கேயோ உட்கார்ந்து வெட்டி எடுத்தான். பெட்டியை வெட்டிவிட்டான். மாலையை வெட்டிவிட்டான். உங்களை மட்டும் வைத்துக்கொண்டு, கீழே "லீவு முடிஞ்சு போச்சா?" என்று எழுதி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான்.

பஸ்ஸில் அன்று நடந்தது எனக்கு மறக்காது. புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் போனைப் பார்ப்பதும் உங்களைப் பார்ப்பதுமாக வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். "என்ன பாப்பா, காட்டு, நானும் சிரிக்கிறேன்" என்று நீங்களே கையை நீட்டி வாங்கினீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள். பிறகு போனைத் துடைத்து அவள் கையில் கொடுத்து, "இது என் புருஷனுக்கு அழுதது, பாப்பா" என்றீர்கள். அந்தப் பெண் மறுநாளிலிருந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

நாம் சும்மா இருக்கவில்லை, அக்கா. என் மகன் தினேஷை உட்கார வைத்துப் போனிலேயே அந்த ஸ்டிக்கர் கம்பெனிக்குப் புகார் கொடுத்தோம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் முகம் கழுவி, பொட்டில்லாத நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு, ஏதோ பெரிய ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி வந்து உட்கார்ந்தீர்கள். படத்தில் இருப்பது நீங்கள்தானா என்று போன் கேட்டது. ஆமாம் என்று அமுக்கினான். அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினீர்கள். கொஞ்ச நாள் கழித்துப் பதில் வந்தது. படத்தில் இருப்பவரும் நீங்களும் ஒரே ஆள்தான் என்று உறுதி செய்ய முடியவில்லையாம்.

தினேஷ் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "ஆன்ட்டி, அதுல வாய் தெறந்திருக்கு, கண்ணு மூடியிருக்கு. இதுல சும்மா இருக்கீங்க. அதான் மேட்ச் ஆகலபோல. அதே மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பிப் பாக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அழுது காட்டணுமா தம்பி?" என்றீர்கள்.

நீங்கள் முயற்சியும் செய்தீர்கள். அண்ணாந்து, வாயைத் திறந்து, கண்ணை இறுக்கி மூடினீர்கள். ஊரையே அழ வைத்த உங்களுக்கு அழுகை வரவில்லை. ஏதோ பல் வைத்தியரிடம் வந்த ஆள் மாதிரி இருந்தீர்கள். பாதியில் கண்ணைத் திறந்து, "வேணாம் விடு விஜயா. செத்தது என் புருஷன். அழுதது நானு. அதுக்கு நானே அத்தாட்சி கொண்டாந்து குடுக்கணும்னா எனக்கு வேணாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். எனக்கு அந்தப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. தவணை இன்னும் கட்டி முடிக்காத போன் என்பதால் அடிக்கவில்லை.

போலீசுக்கும் போனோம். அங்கே இருந்த மலாய்க்காரத் தம்பி நமக்குத் தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டு, யார் செய்தது என்று தெரியாமல் யாரைப் பிடிப்பது மக்சிக் என்று, அத்தையைக் கூப்பிடுகிற மாதிரி, நம்மையே கேட்டார். அவரும் நல்லவர். லைவ் போட்ட பையன் நல்லவன், என் நாத்தனார் மகள் நல்லவள். "எல்லாரும் ஒரு தடவைதாம்மா அனுப்புறாங்க, யாரும் கெட்டவங்க இல்ல" என்கிறான் தினேஷ். அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு திருடன் என்றால் சபிக்கலாம். மண்ணை வாரித் தூற்ற எனக்கு ஒரு வாசல் வேண்டாமா? எந்த வாசலில் போய்த் தூற்றுவது? கம்பெனிக்காரன் எந்த நாட்டில் இருக்கிறான் என்றுகூடத் தெரியாது. எழுதினால் பதில் போடுவதும் மெஷின்தானாம்.

அதற்குப் பிறகு நீங்கள் சாவு வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டீர்கள். யாராவது கூப்பிட்டால் கால்வலி என்றீர்கள். அம்பாங் பெச்சாவில் உங்கள் சொந்தத் தங்கச்சி இறந்தபோது மட்டும் போகாமல் இருக்க முடியவில்லை. அங்கே நீங்கள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். தோள் மட்டும் குலுங்கியது. மூச்சு முட்டிவிடுமோ என்று நான்தான் துணியை இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. வண்டியில் திரும்பும்போது, "எவன் எடுக்குறான் எவன் எடுக்குறான்னு பாத்துக்கிட்டே அழ முடியுமா விஜயா?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு நீங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை.

உங்களைப் பார்த்து மற்றவர்களும் பயந்துவிட்டார்கள். இப்போது நம் தாமானில் ஒரு சாவு வீட்டுக்குள் போனால் கிளினிக்கில் நம்பருக்குக் காத்திருப்பது மாதிரி இருக்கிறது. எல்லாரும் கைக்குட்டையால் கண் ஓரத்தை ஒற்றிக்கொள்கிறார்கள். ரொம்பக் கட்டுப்பாடாக இருந்தார்கள் என்று அதைப் பாராட்டிப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் சாவிலும் அதுதான் நடந்தது. உங்கள் சின்ன மகன் வாசலில் ஒரு பெரிய பிஸ்கட் டின்னை வைத்து, உள்ளே வருகிற எல்லாருடைய போனையும் அதில் போடச் சொன்னான். எல்லாரும் போட்டார்கள். படம் எடுக்க ஒருவரும் இல்லை, அப்படியும் யாருக்கும் குரல் எழவில்லை. எப்படித் தொடங்குவது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் உங்கள் கால்மாட்டில் நின்றேன். யாராவது தொடங்கி வைக்க மாட்டார்களா என்று கூட்டத்தில் என் கண் தேடியது. நான் தேடியது உங்களைத்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. டின்னுக்குள் போன்கள் ஒன்று மாற்றி ஒன்று அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தோடுதான் உங்களை வழியனுப்பினோம்.

நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது, அக்கா. உள்ளே இருந்துகொண்டு அது என்னைத் தின்கிறது. சோறு இறங்குவதில்லை. எதற்கெடுத்தாலும் தினேஷிடம் எரிந்து விழுகிறேன். அழுகிற உங்களை ஊரெல்லாம் வைத்திருக்கிறது. உங்களுக்காக அழ வேண்டிய அழுகையை நான் ஒருத்தி இன்னும் அழாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.

தினேஷ் வேலைக்குக் கிளம்பிவிட்டான். போனை அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டேன். தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் நீங்கள் எப்போதும் ஒப்பாரியைத் தொடங்குவீர்கள். உங்கள் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. மூத்தவர் என்று அக்கா, அக்கா என்றே இருந்துவிட்டேன். இன்றைக்குச் சொல்லிக் கூப்பிடப் போகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்கும். கேட்கட்டும்.

விஜயா