சீமெந்துப் பீப்பாயும் இடியப்பக் கூடையும்

மச்சான்,

போன மாதம் நம்ம கட்டடச் சாமான் யார்ட்டின் பின்மூலையில் புல் வெட்டப் போன புது டிரைவர் திரும்பி வந்து, "சேர், அங்க ஒரு நீலப் பீப்பா கிடக்குது. உள்ளுக்கு முழுக்க சீமெந்து. மேல 'கிளாக்கர்'னு யாரோ கிறுக்கியிருக்காங்க. ஒடைச்சுத் தள்ளவா?" என்று கேட்டார். யார்ட்டில் கிளாக்கர் என்றால் பில் எழுதும் கிளார்க் நான்தானே. பில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனேன். நான் எழுந்து போவது பிலிமத்தலாவையில் ஒரு சம்பவம். பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

பாசி படிந்து, துருவேறிய கொளுவிக் கொக்கியோடு அது அங்கேதான் கிடந்தது. நீ நாலங்குல ஆணியால் ஈரச் சீமெந்தில் கீறிய எழுத்து. என் பெயரை யாரும் கல்லில் பொறிக்கப் போவதில்லை என்று தெரிந்து, நீயே முந்திக்கொண்டாய்.

அது பிறந்த கதை உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், சொல்லாவிட்டால் எனக்கு வயிறு உப்பும். முதலாளி நீ ஓட்ட அந்தக் குட்டி டிராக்டரை வாங்கியபோது அதன் முன்னால் இரண்டு இரும்பு முள் இருந்தது. கொம்பு என்று நாம் பெயர் வைத்தோம். மூட்டை அடுக்கிய மரப் பலட்டுக்கு அடியில் கொம்பை நுழைத்து, எட்டு மூட்டை சீமெந்தை ஒரே தூக்காகத் தூக்கும். தூக்கும்போதே பின்பக்கம் லேசாக எழும்பும். பின்னால் பாரம் இல்லையென்றால் அப்படித்தான். "இதுக்கென்ன, நான் பின்னால ஏறி உக்கார்றேன்" என்றேன். நீ என்னைத் தலை முதல் வயிறு வரை பார்த்தாய். அதற்குக் கீழே பார்க்க வயிறு விடாது.

"ஆள ஏத்த மாட்டேன். நீ சிரிச்சா வண்டி ஆடும். எனக்கு ஆடாத கிளாக்கர் ஒண்ணு வேணும்" என்றாய். மறுநாளே பீப்பாயில் சீமெந்து குழைத்து ஊற்றிப் பின்னால் கொளுவிவிட்டாய்.

நீ பாரம் கொண்டுபோகும் விதத்தைப் பார்த்து யார்ட்டே சிரிக்கும். எவ்வளவு பாரமானாலும் கணுக்கால் உயரத்துக்கு மேல் தூக்க மாட்டாய். இறக்கத்தில் முன்னுக்குப் பார்த்துப் போகவே மாட்டாய். பாரம் மேட்டுப் பக்கம் இருக்க, கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கியே இறங்குவாய். மூட்டை தூக்குகிறவர்கள் உனக்கு நண்டு டிரைவர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை முதலில் கிளப்பிவிட்டது நான்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நீ கோபப்படவில்லை. "பிரேக்கு பின்சில்லுக்கு மட்டுந்தான் கிளாக்கரே. பின்சில்லு தரையில இல்லாட்டி பிரேக்கும் இல்ல" என்றாய். நான் அதைக் கேட்டுக்கொண்டே யாரோ ஒருவருடைய மருமகள் கதையை ஆரம்பித்தேன்.

பிறகு மாதா வந்தாள். கலஹாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலுக்கு நீர்கொழும்பிலிருந்து சீமெந்துச் சொரூபம், பீடத்தோடு நானூறு கிலோ. அதைக் கொண்டுவரும் லொறி மேலே ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து கோயிலுக்கு ஒரு செங்குத்தான கொங்கிரீட் பாதை. கோயில் கமிட்டிச் செயலாளர் என்ற முறையில், "எங்க யார்ட்ல டிராக்டர் இருக்கு, எங்க டிரைவர் இருக்கான்" என்று மார்தட்டியது நான்.

மாதாவை இறக்குகிற அன்று காலை யார்ட் லொறியில் டிராக்டரை ஏற்றியாயிற்று. மிச்ச இடத்தில் பீப்பாய் ஏற வேண்டும். கமிட்டிக்காரர்களின் காலைச் சாப்பாடு, இரண்டு பெரிய கூடை இடியப்பமும் ஒரு வாளிச் சொதியும், அதுவும் ஏற வேண்டும். இரண்டுக்கும் இடமில்லை. நீ தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தாய். நான் இடியப்பத்தை ஏற்றினேன்.

கலஹாவில் தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு நீ கேட்டாய்: "பீப்பா எங்கடா?"

"இடமில்ல மச்சான்."

"அப்ப பின்னால இடியப்பத்தையா கட்டித் தொங்கவிடச் சொல்ற?"

சிரித்துச் சமாளித்தேன். நீ சிரிக்கவில்லை. பீப்பாய் இல்லாததால் இன்னும் மெதுவாக, தரையோடு தரையாக, பின்னோக்கித்தான் இறக்க முடியும் என்றாய். அங்கேதான் கமிட்டித் தலைவர் சூசை மாஸ்டர் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, கையில் செபமாலை, வாயில் எப்போதும் கட்டளை.

"என்ன தம்பி இது? மாதாவ இழுத்துக்கிட்டுப் பின்னால போறதா? மாதா முன்னுக்குப் போகணும், நாங்க பின்னால செபம் சொல்லிக்கிட்டு வரணும். அதோட முழங்காலுக்குக் கீழ வச்சுக் கொண்டு போறது என்ன மரியாதை? சனம் பாக்க வேணாமா? உயர்த்துங்க."

"உயர்த்தினா கவுந்திருங்க ஐயா."

"நீங்க சைவ சமயம். உங்களுக்கு விளங்காது."

நீ என்னைப் பார்த்தாய். ஃபாதர் கீழே கோயில் வாசலில் நிற்கிறார், வெள்ளை உடுத்த பிள்ளைகள் பூத்தட்டோடு வெயிலில் நிற்கிறார்கள், சூசை மாஸ்டர் என் பக்கத்தில் மூச்சுவிடுகிறார். சின்ன வயதில் அவரிடம் கணக்குப் படித்தவன் நான். அந்தப் பிரம்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. உன் காதருகே குனிந்து சொன்னேன்: "மாஸ்டர் சொல்றபடி செய்திடு மச்சான். ஏதாவது ஆனா நான் பொறுப்பு."

நீ ஏறி உட்கார்ந்து, மாதாவை இடுப்புயரத்துக்குத் தூக்கி, முன்னுக்குப் பார்த்து இறங்கினாய்.

பத்தடிதான். பின்சில்லு இரண்டும் மெல்ல எழும்பியதை நான் பார்த்தேன். பிறகு வண்டி யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. நீ மட்டும் நிதானம் இழக்கவில்லை. கொம்பை அப்படியே தரைக்கு இறக்கினாய். இரும்பு கொங்கிரீட்டைக் கிழித்த சத்தம் எதிர்மலை வரை போயிருக்கும். பிள்ளைகள் நின்ற இடத்துக்கு நாலு முழம் மேலே வண்டி நின்றது. கட்டிய கயிற்றோடு சொரூபம் சாய்ந்து, பாதையோர மதகுச் சுவரில் இடது கை மோதி உடைந்து விழுந்தது. உன் நெற்றியில் கொஞ்சம் இரத்தம். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

"குடிச்சிட்டு வந்திருக்கான்!" என்றார் சூசை மாஸ்டர்.

ஃபாதர் ஏறி வந்து என்னைக் கேட்டார்: "என்ன நடந்தது?"

"சரியாத் தெரியல ஃபாதர். நான் பின்னால நின்னேன்."

நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். உடைந்த கையைப் பொறுக்கி, துடைத்து, என்னிடம் தந்தாய்.

கதை கலஹா பஸ்ஸில் ஏறிப் பேராதனை போய், பஸ்ஸுக்கு முன்னாலேயே பிலிமத்தலாவைக்கு வந்துவிட்டது. முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு உன்னை மூட்டை இறக்க விட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காதவன் குடிகார டிரைவர் ஆனாய். ஊரில் எவர் வீட்டுக் கதையும் என் வாயில் நாலு நாள் தங்காது. இந்த ஒன்றை மட்டும் ஏழு வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். நீயும் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, முதுகில் மூட்டையோடு என் மேசையைக் கடக்கும்போது நின்று கேட்டாய்: "கிளாக்கரே, பொறுப்பு பொறுப்புங்கிறியே, அது எத்தன கிலோ இருக்கும்?"

மாதாவின் கை உடைந்த அந்த வருடக் கடைசியில் நாவலப்பிட்டிக்கே போய்விட்டாய். போன தை மாதம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தாய். செத்த வீட்டில் பின்வரிசைக் கதிரையில் இருந்த ஒருவர், "குடியா இருக்கும்" என்றார். எனக்கு உண்மை வாய் வரைக்கும் வந்தது. பிளேன்டீயைக் குடித்து உள்ளே தள்ளிவிட்டேன்.

பீப்பாயைப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"அவரு அன்னிக்கே சொல்லிட்டாருங்க. கிளாக்கரு பயந்த ஆளு, விடுன்னாரு" என்றார். பிறகு, "எனக்குச் சொல்லி என்னாங்க ஆகப் போகுது? எங்க சொல்லணுமோ அங்க சொல்லுங்க" என்றார். அவர் எனக்குத் தந்தது சீனி போடாத தேத்தண்ணி. மறந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

எங்கே சொல்வது என்பதற்கு வழியும் இருந்தது. மண்சரிவில் கோயில் சுவர் வெடித்ததால் மாதாவை ரோட்டோர மண்டபத்தில் வைத்திருந்தோம். திருத்த வேலை முடிந்து மறுபடி கீழே இறக்க வேண்டும். கமிட்டிக் கூட்டத்தில் சூசை மாஸ்டர், "இந்தத் தடவையாவது குடிக்காத டிரைவரப் பாருங்க" என்றார். எண்பது வயதிலும் குரல் குறையவில்லை.

எழுந்து நின்றேன்.  

"அவன் குடிக்கல மாஸ்டர். குடிச்சதே இல்ல. பாரத்தப் பின்னோக்கித்தான் இறக்கணும்னான். முன்னுக்குப் போ, நான் பொறுப்புன்னு சொன்னது நான். பின்னால கட்ட வேண்டிய பீப்பாய விட்டுட்டு இடியப்பத்த ஏத்தினதும் நான்."

 மாஸ்டர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே, "உயர்த்தச் சொன்னது நான்" என்றார். பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "இடியப்பமும் அன்னைக்குக் கல்லு மாதிரித்தான் இருந்திச்சு."

போன சனிக்கிழமை இறக்கினோம். கணுக்கால் உயரம். புது டிரைவருக்கு உன் சொல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கி இறக்கினார். அப்போதுதான் எங்களுக்கு ஒன்று தெரிந்தது. வண்டி பின்னோக்கி இறங்கும்போது, பின்னால் நடந்து வரும் எங்கள் எல்லாரையும் மாதா பார்த்துக்கொண்டே போகிறாள். ஒட்டிய இடது கை மட்டும் கொஞ்சம் வேறு நிறம். பெண்கள் சிலர் செபத்தை நிறுத்திவிட்டு அழுதார்கள். சூசை மாஸ்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்துவிடுவாள் என்று பயம்.

அதனால் ஓரமாக இறங்கி ஊர்வலத்தின் முன்பக்கம் போனேன். அங்கே, எல்லாருக்கும் முன்னால், டிராக்டரின் பின்னால் கொளுவிய நீலப் பீப்பாய் போய்க்கொண்டிருந்தது. நீ கீறிய எழுத்து வெயிலில் நன்றாகத் தெரிந்தது. கோயில் வாசல் வரை அது ஒரு தடவைகூட ஆடவில்லை, மச்சான்.