மேடைக்கு வழியாக விரிக்கப்பட்ட ஆறு ஓவியங்கள்

அனுப்புநர்:
க. உண்ணாமலை,
செயலாளர் (ஊதியமின்றி),
ஓடைக்கரைக் கலைஞர்கள் கூட்டுறவு மன்றம்,
ஈச்சங்குடிக்காடு, குன்னம் வட்டம்,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
பெரம்பலூர்.

பொருள்: எங்கள் மன்றத்தின் ஆறு ஓவியங்களை அனுமதியின்றி எடுத்து, விழா மேடைக்குச் செல்லும் சேற்று வழியில் விரித்து மிதிக்கச் செய்தது, தட்டிக்கேட்ட தொட்டி இயக்குபவரை வேலையை விட்டு நிறுத்தியது, மன்றக் கட்டடத்தைப் பூட்டியது தொடர்பாக விசாரணை கோருதல்.

பார்வை: 1. ஊராட்சிக்கு நாங்கள் அளித்த மனு, நாள் 29.10.2025.
2. ஊராட்சி செயலரின் பதில், நாள் 10.11.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் குன்னம் கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, குடிநீர் இணைப்பு என்று ஊரார் சொல்லச் சொல்ல மனு தட்டச்சு செய்து கொடுப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. பதினாறு ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன். என் பெயரிலேயே நான் எழுதும் இரண்டாவது மனு இது. முதல் மனுவுக்கு வந்த பதிலே இதை எழுத வைத்தது.

2. எங்கள் மன்றத்தில் இருபத்தாறு பேர் இருக்கிறோம். வெங்காயக் காட்டில் கூலி வேலை செய்வோர், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுவோர், தையல்காரர், செவிலியர் என எல்லோரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி வரைகிறோம், வரையத் தெரியாதவர்களுக்குக் கற்றுத் தருகிறோம். தூரிகையும் வண்ணமும் பொதுவில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் சம்பளம் இல்லை. பயன்பாட்டில் இல்லாத பழைய சத்துணவுக் கூடத்தை எங்களுக்கு ஒதுக்கி 15.08.2022 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. ஒழுகிய கூரையை நாங்களே ஏறி ஓடு மாற்றினோம். ஒரு சாவி என்னிடமும் இன்னொரு சாவி ஊராட்சி அலுவலகத்திலும் இருந்தது.

3. கடந்த அக்டோபர் 25ஆம் தேதி பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் எங்கள் முதல் கண்காட்சியை நடத்த ஏற்பாடு செய்திருந்தோம். அதற்காக ஆறடிக்கு நாலடி அளவில் ஆறு காடாத் துணிகளில் வரைந்து முடித்து, சுருட்டி, கட்டடத்துக்குள் பெஞ்சின் மேல் வைத்திருந்தோம். அவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் தாங்கள் அறிய வேண்டும்.

ஒன்று, ரெங்கம்மாள் என்ற உறுப்பினர் வரைந்தது. ஐம்பத்தெட்டு வயதாகும் அவர் வெங்காயம் அரியும் வேலைக்குச் செல்பவர். பதினொரு பெண்கள் வரப்பில் அமர்ந்து மதியச் சோறு உண்ணும் காட்சியைப் போஸ்டர் கலரில் நான்கு மாதம் வரைந்தார். அன்று யார் எந்த நிறச் சேலை கட்டியிருந்தார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்து வரைந்தார்.

மற்றொன்று பாப்பாத்தி என்பவரின் முகம். அவர் சென்ற ஆண்டு புரட்டாசியில் மக்காச்சோளக் காட்டில் இடி விழுந்து இறந்துபோனார். அவருடைய கணவர் வீரமுத்து, எங்கள் ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர். மனைவியின் படம் என்று அவரிடம் இருந்தது ரேஷன் கார்டில் உள்ள தீப்பெட்டி அளவுப் படம் மட்டுமே. ஆலத்தியூரைச் சேர்ந்த லாரி ஓட்டுநரும் எங்கள் உறுப்பினருமான அறிவரசன் அதை வைத்து வரைந்தார். மூன்று ஞாயிறுகள் வீரமுத்து பக்கத்திலேயே உட்கார்ந்து திருத்தம் சொன்னார். "நெத்தியில இம்புட்டுக் கோவம் இருக்காது தம்பி, சிரிக்கப்போற மாதிரியே இருப்பா" என்று அவர் சொன்னதும், அறிவரசன் அழித்து அழித்து வரைந்ததும் என் கண்முன் நடந்தவை. முகம் சரியாக வந்த அன்று வீரமுத்து வெளியே போய், அரைமணி நேரம் கழித்து எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்.

4. 23.10.2025 வியாழக்கிழமை காலை ஊரில் புதிய குடிநீர்த் தொட்டி திறப்பு விழா. முந்தைய இரண்டு நாள் மழையில் திடல் சேறாகிக் கிடந்தது. விருந்தினர்களின் கார் நிற்கும் இடத்திலிருந்து மேடைக்கு ஏறத்தாழ நாற்பதடி. ஊராட்சி செயலர் தம்மிடமிருந்த சாவியால் எங்கள் கட்டடத்தைத் திறக்கச் செய்து, ஆறு ஓவியங்களையும் எடுத்து வரச் சொல்லி, அந்த நாற்பதடியில் ஒன்றன்பின் ஒன்றாக விரிக்கச் செய்தார். வரைந்த பக்கம் மேலே இருந்தது. காற்றில் பறக்காமலிருக்க மூலைக்கு ஒரு செங்கல் வைக்கப்பட்டது. என்னிடமோ மன்றத்தில் வேறு எவரிடமோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கைப்பேசி எண் அந்தக் கட்டடத்தின் கதவிலேயே எழுதியிருக்கிறது.

5. தொட்டியின் வால்வைத் திறந்துவிடும் பொறுப்பு வீரமுத்துவுக்கு. வெள்ளை வேட்டி கட்டி வால்வு அருகே நின்றிருந்தார். விருந்தினர்கள் நடந்து வந்தார்கள். நான்காவது துணியில் தம் மனைவியின் முகத்தின்மேல் செருப்புகள் ஏறி இறங்குவதை அவர் கண்டார். ஓடி வந்து, "ஐயா, அது எம் பொஞ்சாதிங்க. கால எடுங்கய்யா" என்று கும்பிட்டுக் கேட்டார். விருந்தினரில் ஒருவர் திடுக்கிட்டு விலகினார். அவர்மீது எங்களுக்குக் குறை இல்லை, கீழே இருப்பது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் தெரிந்தே விரித்த செயலர், "போயி வேலையப் பாருய்யா. படந்தான, கழுவுனாப் போயிடும்" என்று மைக் அருகிலேயே சொன்னார். அது திடல் முழுக்கக் கேட்டது. வீரமுத்து செங்கற்களைத் தள்ளிவிட்டு, துணியைச் சேற்றோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வால்வை வேறொருவர் திறந்தார்.

6. செய்தி கேட்டு நான் கடையை அடைத்துவிட்டுப் போனபோது விழா முடிந்திருந்தது. ரெங்கம்மாளின் ஓவியம் தண்ணீரில் ஊறிக் கரைந்து, பதினொரு சேலைகளின் நிறமும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தது. அவர் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். "கையில பலம் இருக்கு ஆயி, வேற வரைவேன். இத வரைய முடியாது" என்றார். எங்கள் உறுப்பினர் வேணியின் இரு ஓவியங்களும் செங்கல் வைத்த இடத்தில் கிழிந்திருந்தன. செயலரிடம் நேரில் கேட்டேன். "கூலிக்காரங்க மூஞ்சிய வரைஞ்சு வெச்சிக்கிட்டு என்னமோ சாமி படத்த மிதிச்ச மாதிரி பேசுறீங்க?" என்று திருப்பிக் கேட்டார். பலர் முன்னிலையில் சொன்ன சொல் இது. நான்கு பேர் சாட்சி சொல்ல முன்வந்துள்ளனர்.

7. கண்காட்சியைக் கைவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அறிவரசன் ஒப்பவில்லை. குறித்த நாளில், வீரமுத்து திரும்பக் கொண்டுவந்து தந்ததையும் சேர்த்து, ஆறு துணிகளையும் சேறும் கிழிசலுமாக அப்படியே தொங்கவிட்டோம். கீழே எந்த விளக்கமும் எழுதவில்லை. ஓவியத்தின் பெயரும் வரைந்தவர் பெயரும் மட்டும் எழுதினோம். வந்தவர்கள் கேட்டார்கள், நடந்ததைச் சொன்னோம். எவரையும் இழிவாகப் பேசவில்லை.

8. அதற்கு மறுநாள் விட்டு, 27.10.2025 அன்று கட்டடத்தில் புதுப் பூட்டு தொங்கியது. அதே நாளில் வீரமுத்துவிடம் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. எழுத்தில் எதுவும் இல்லை. ஒன்பது ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர் அவர். மனைவி இறந்த மறுநாளும் காலையில் தொட்டிக்கு வந்தவர். பின்னர் செயலர் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: ஓவியங்களை நாங்களே மனமுவந்து கொடுத்தோம் என்று எழுதித் தந்தால் சாவியும் கிடைக்கும், வேலையும் கிடைக்கும் என்று. நான் மறுத்தேன். வீரமுத்துவுக்கு வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதால், அவர் எழுதிக் கொடுத்தால் மன்றம் தவறாக நினைக்காது என்று அவரிடம் சொல்லி வைத்தேன். "நான் குடுத்தேன்னு எப்பிடிங்க எழுதுவேன்" என்பதுதான் அவர் தந்த பதில்.

9. பார்வை 1இல் கண்ட எங்கள் மனுவுக்கு, யார்மீது புகாரோ அவரே கையொப்பமிட்டுப் பதில் அனுப்பியுள்ளார். அதன் வாசகம்: "கட்டடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பயனற்ற வண்ணத் துணிகள் ஆறு, பொதுமக்கள் வழுக்கி விழாதிருக்கப் பொதுநலன் கருதிப் பயன்படுத்தப்பட்டன. மனு முடித்து வைக்கப்படுகிறது."

ஐயா, கேட்பாரற்றுக் கிடந்த பொருளுக்கு ஏன் பூட்டு? அதைத் திறக்க ஏன் சாவி? பொதுமக்கள் என்கிறார். பொதுமக்கள் கயிற்றுக்கு அப்பால் கணுக்கால் சேற்றில் நின்றார்கள். அவர்கள் வழுக்கி விழுவதைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை. துணி விரிக்கப்பட்டது காரிலிருந்து மேடை வரை மட்டுமே. பயனற்றது என்கிறார். நான்கு மாத உழைப்பையும், ஒருவருக்கு எஞ்சியிருந்த ஒரே முகத்தையும் பயனற்ற துணி என்று அரசு முத்திரையோடு எழுதும் துணிவு எங்கிருந்து வந்தது என்பதே எங்கள் கேள்வி. எத்தனையோ பேருடைய மனுக்கள் "முடித்து வைக்கப்பட்ட" காகிதங்களை என் கடையில் நகலெடுத்திருக்கிறேன். அந்தச் சொல் எவ்வளவு சுடும் என்பதை இப்போதுதான் அறிந்தேன்.

10. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

அ) இந்த ஊராட்சிக்குத் தொடர்பில்லாத ஓர் அலுவலரைக் கொண்டு நேரில் விசாரிக்க வேண்டும்.

ஆ) வீரமுத்துவை உடனே பணியில் சேர்க்க உத்தரவிட வேண்டும். மன்றத்தின் புகார் எப்படிப் போனாலும் இது காத்திருக்கக் கூடாது.

இ) கிராம சபைத் தீர்மானத்தின்படி கட்டடத்தின் சாவியை எங்களிடம் திரும்பத் தர வேண்டும். இப்போது ஞாயிறுதோறும் என் கடை வாசலில் சாக்கு விரித்து வரைகிறோம்.

ஈ) பதிலில் உள்ளபடியே ஊராட்சிப் பதிவேட்டிலும் "பயனற்ற வண்ணத் துணிகள் ஆறு" என்றுள்ள வரியை நீக்கி, ஆறு ஓவியங்களின் பெயரையும் வரைந்தவர்களின் பெயரையும் எழுதச் செய்ய வேண்டும். இழப்பீடு என்று நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

11. கடைசியாக ஒன்று. பாப்பாத்தியின் ஓவியம் தண்ணீரில் கரையாத வண்ணத்தில் வரையப்பட்டது, ஈரத்துணியால் துடைத்தால் சேறு போய்விடும். ஆனால் அந்தச் செருப்புத் தடம்தான் எங்களிடம் உள்ள சாட்சி. விசாரணை முடியும்வரை துடைக்க வேண்டாம் என்று வீரமுத்துவை நான்தான் கேட்டுக்கொண்டேன். ஒரு மாதமாகிறது. தினமும் காலையில் கடைக்கு வந்து, "ஆபீஸ்லேருந்து தேதி சொன்னாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவரிடம் சொல்ல ஒரு தேதியைத் தங்கள் கையால் குறித்துத் தருமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: 24.11.2025
இடம்: ஈச்சங்குடிக்காடு

தங்கள் விசாரணையை எதிர்நோக்கும்,
க. உண்ணாமலை
(மன்ற உறுப்பினர்கள் இருபத்தாறு பேர் சார்பில்)

இணைப்பு: கிராம சபைத் தீர்மான நகல், பார்வை 1, 2இன் நகல்கள், விழாவுக்கு முன்னும் பின்னும் எடுத்த ஆறு ஓவியங்களின் புகைப்படங்கள், சாட்சிகள் நால்வரின் கையொப்பமிட்ட வாக்குமூலம்.