நூல் இருக்கிறது

பெங்களூர்
27.9.1993

அன்புள்ள ஷரீபா,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நலம். ஏழாம் மாதம் பிறந்துவிட்டதே, மெஷின்களைச் சுற்றி நடப்பதை நிறுத்தினாயா இல்லையா? அதற்காகத்தானே எட்டு நிட்டிங் மெஷினிலும் நூலைப் பார்க்க எலக்ட்ரிக் கண் வைத்துவிட்டு வந்தேன்! நூல் அறுந்தால் என் புரோகிராமே மெஷினை நிறுத்திவிடும். நீ நாற்காலியில் உட்கார்ந்து பச்சை விளக்கைப் பார்த்தால் போதும்.

நான் செய்யும் கம்ப்யூட்டர் மொழி என்ன என்று நம் மெஷின் பிட்டர் ஆறுச்சாமி கேட்டாராமே. மற்ற மொழிகள் எல்லாத் தகவலும் வந்து சேர்ந்தபின் கணக்குப் போடும். என்னுடையது, தகவல் வந்துகொண்டிருக்கும்போதே அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் என் தூக்கத்தைக் கெடுத்தது. திருப்பூர் கரண்ட் ஏறி இறங்கும்போது கண் சில நொடி பேசாமல் போகிறது. அதை நூல் அறுந்ததாக எடுத்துக்கொண்டால் நாளெல்லாம் மெஷின் நின்றபடி இருக்கும். அதனால், ஒன்றும் வராவிட்டால் கடைசியாகச் சொன்னதே இப்போதும் உண்மை என்று விதி வைத்துவிட்டேன். இங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் என் புரொபசருக்கும் சம்மதம்.

பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்துவிடுவேன். சத்தியம்.

உன் சலாவுதீன்


ராயபுரம், திருப்பூர்
25.10.1993

அன்பு மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நலம். கால் கொஞ்சம் வீங்குகிறது, பழைய செருப்பு சேரவில்லை. டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்பில்லாத சோற்றை நீங்கள் வந்து ஒருநாள் தின்று பாருங்கள், அப்போது தெரியும்.

அத்தா காலத்தில் நடந்தது போலவே நம் கம்பெனியில் ஆயுத பூஜை நடந்தது. ஆறுச்சாமி ஆட்களோடு மெஷின்களைத் துடைத்து, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தார். உங்கள் சாமான்களையும் விடவில்லை. எல்லாருக்கும் பொரியும் சுண்டலும் கொடுத்தேன். இன்று காலை மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

நீங்கள் சொன்னபடி உட்கார்ந்தே இருக்கிறேன். உட்கார்ந்திருந்தால்தான் பயம் அதிகம் வருகிறது. எப்போது வருகிறீர்கள்? தேதியை எழுதுங்கள்.

உங்கள் ஷரீபா


பெங்களூர்
6.11.1993

அன்புள்ள ஷரீபா,

எனக்குத் தலைகால் புரியவில்லை! கண்கள் சொன்னதெல்லாம் பதிவான பிளாப்பியை ஆறுச்சாமி கூரியரில் அனுப்பியிருந்தார், வந்தது. பூஜைக்குப் பிறகு எட்டு மெஷினிலும் ஒரு நூல்கூட அறுந்ததாக இல்லை. வரிக்கு வரி ‘நூல் இருக்கிறது’, ‘நூல் இருக்கிறது’. புரொபசர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பதினாறாம் தேதி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதையே காட்டப்போகிறோம். நல்லபடியாக நடந்தால் வேலை நிரந்தரம்.

அதனால் நான் வருவது கொஞ்சம் தள்ளிப்போகும். கோபித்துக்கொள்ளாதே. பிளாப்பியோடு உன் கடிதம் இல்லை. போன முறை நலம் என்று எழுதியிருந்தாய், அப்படியே இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் சலாவுதீன்


திருப்பூர்
11.11.1993

மச்சானுக்கு,

நூல் இருந்தது என்கிறீர்கள். துணி முழுக்க ஓட்டை. பச்சை விளக்கை நம்பி ஒருத்தரும் மெஷின் பக்கம் போகவில்லை, நானும்தான். வெட்டுவதற்கு விரித்தபோதுதான் தெரிந்தது. எக்ஸ்போர்ட்காரர் அத்தனை ரோலையும் திருப்பிவிட்டார். எழுந்துபோய் ஒவ்வொரு கண்ணாகத் தடவினேன். கண்ணாடி மேல் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆறுச்சாமி அழுதுவிட்டார். “அந்த எடந்தான் பளபளன்னு இருந்துச்சுங்க அம்மணி. பொட்டு எடுப்பா இருக்குமேன்னு வெச்சனுங்க” என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பேசாத கண்ணைப் பேசியதாக எடுத்துக்கொள்ளச் சொன்னது அவர் இல்லையே.

அன்று சாயங்காலமே எனக்குத் தலைவலி, பார்வை மங்கியது. ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டதென்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள். குழந்தையை முன்னாலேயே எடுக்க வேண்டி வரலாமாம். துணைக்குச் சின்னம்மா இருக்கிறார்.

உங்கள் கடிதத்தை இங்கேதான் படித்தேன். கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தேன், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நலம் என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். எனக்கும் அதே விதிதானா? இனி வாருங்கள் என்று எழுத மாட்டேன்.

ஷரீபுன்னிசா


பெங்களூர் ரயில் நிலையம்
15.11.1993

ஷரீபா,

உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். தீபாவளி லீவில் கம்பெனி போனை எடுக்க ஆளில்லை. ஆஸ்பத்திரிக்கு லைன் கிடைக்கவே இல்லை. திரும்பத் திரும்ப எண்ணைச் சுழற்றினேன். பதில் வராவிட்டால் நலம் என்று இருந்த மடையன் நான். இன்று நினைக்காத கெடுதல் இல்லை.

புரொபசரிடம் சந்தனத்தைச் சொன்னேன். வெளியே சொல்லாமல் நாளைக்குக் காட்டிவிடலாம் என்றார். பிளாப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேலை போகும், போகட்டும். மொழியில் அந்த விதியையும் அழித்துவிட்டேன். கண் பேசாவிட்டால் இனி அது ‘இருக்கிறது’ என்றும் இல்லை, ‘அறுந்தது’ என்றும் இல்லை. ‘தெரியவில்லை.’ அப்போது மெஷின் நிற்க வேண்டும், ஆள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

திருப்பூர் ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன். இது தபாலில் வராது, என் சட்டைப்பையில் வரும். வந்ததும் நீ என்னைத் திட்டு, முகத்தைத் திருப்பிக்கொள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீ எப்படி இருக்கிறாய்?

சலாவுதீன்