நடுவில் நிற்காத குரல்

ஜூன் 4
மச்சான் செய்த ஸ்பீக்கர் பெட்டிகள் முன்னறைக்கு வந்தன. தச்சர் கை, குறை சொல்ல முடியாது. “உங்க தங்கச்சிக்கப்புறம் நீங்க எனக்குக் குடுத்த உருப்படியான சாமான் இதுதான் மச்சான்” என்றேன். “அப்ப அவ உருப்படிங்கிறீங்களா மாப்ளே?” என்றார். அவள் எங்கள் இருவரையும் முறைத்தாள்.

சுவரை ஒட்டி வைத்தால் பானைக்குள் பேசுவது போல இருந்தது. முன்னால் இழுத்தோம். இரண்டு பெட்டியும் என் நாற்காலியும் முக்கோணமாக அமைந்ததும், ரெக்கார்டில் பாடுகிறவள் நேரில் வந்தது போல நட்டநடுவில் வந்து நின்றாள்.

ஜூன் 9
காலையில் போட்டால் பாடுகிறவளைக் காணோம். கோபித்துக்கொண்டு வலது பெட்டிக்குள் போய்விட்டாள்.

ஜூன் 10
மச்சானை வரவழைத்தேன். “இடது பெட்டி செத்துப்போச்சு.”

காதை வைத்துப் பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு?”

“ரம்பச் சத்தம் கேட்ட காதுக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும்.”

டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். “நடுவுலதாங்க பாடுறா” என்றாள் இவள். அண்ணனுக்கு வக்காலத்து வாங்குகிறாளாம்.

ஜூன் 11
பீரோவை நகர்த்தினேன். ஜன்னல் திரையைக் கழற்றினேன். வலப்பக்கமேதான்.

ஜூன் 12
வயர்களை இடம் மாற்றினேன். கோளாறு வயரில் என்றால் பாட்டு இப்போது இடப்பக்கம் வர வேண்டும். வரவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பாட்டும் என்னோடு திரும்பி வலது காதிலேயே வந்து உட்கார்ந்தது.

வலது காதை விரலால் அடைத்தேன்.

அறையில் யாருமே பாடவில்லை.

பட்டறையில் என்ஜின் சத்தத்தை வைத்துத்தானே கோளாறு சொல்கிறேன். இனிமே என்ன பண்றது? இவகிட்ட எப்படிச் சொல்றது?

ஜூன் 13
விளையாட்டுப் போலத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, செருப்பை மாட்டினாள்.

காது டாக்டர் கேட்டார்: “கேக்கலைன்னதும் ஏன் வரலை? இதுல ஒவ்வொரு நாளும் முக்கியம்.”

“ஸ்பீக்கரை நகர்த்திக்கிட்டு இருந்தேன் டாக்டர்.”

அவரும் சிரிக்கவில்லை. மாத்திரை கொடுத்தார். திரும்பலாம், திரும்பாமலும் போகலாமாம்.

ஜூன் 17
விழித்ததும் இடது காதுப் பக்கம் விரலைச் சொடுக்குகிறேன். சொடுக்கியது விரலுக்குத்தான் தெரிகிறது. பட்டறையில் ஆட்கள் ஏதோ கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறார்கள் — ஜோக்குக்காகக் காத்திருக்கிறார்களோ என்னவோ.

ஜூன் 30
தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்தது போலக் கொஞ்சம் கேட்கிறது. அவ்வளவுதான் வரும் என்றார் டாக்டர்.

ஜூலை 5
மச்சான் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் வயர்களைச் சரியாக மாட்டி, பெட்டிகளைப் பழைய இடத்தில் வைத்தார். இவள், எப்போதும் எனக்கு இடப்பக்கம் உட்காருகிறவள், நாற்காலியைத் தூக்கிவந்து வலப்பக்கம் போட்டுக்கொண்டாள்.

“இப்ப எங்கேருந்து பாடுறா மாப்ளே?”

“எங்க கேக்குது? உங்க தங்கச்சி மறைக்கிறா.”

அவள் நகரவில்லை.